சாவா மூவாக் கொடை: கம்பெனிகளின் அறச்செலவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

ஈதல் எளிது போலத் தோன்றும். ஆயின் ஈந்த பொருள் ஈந்தார் கருதிய பயனைத் தருமாறு ஈதல் மிகவும் அரியதொரு செயலாம். தனி மனிதன் ஒருவன் தன் கைப்பொருளை வழங்கும் அறத்தைப்பற்றி நம் நூல்கள் நிரம்பக் கூறியுள்ளன. பல்லாயிரம் பங்குடையார் ஒன்றுகூடி முதலிட்டு நடத்தும் கம்பெனியொன்று, கல்விக்கும், ஏரி குளங்களின் நலத்திற்கும், ஊர்ப் பொதுப்பணிக்கும் பொருள் வழங்குமாயின் அதனை எவ்வகை அறம் என்பது? அப்பொருள் யாருடையது? கொடுப்பார் கடன் யாது? கொள்வார் கடன் யாது? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முதற்கண் கூறுதல் பொருந்தும்.

ஒரு பள்ளியின் தண்ணீர்

யான் ஐந்தாம் வகுப்பிற் பயின்ற காலத்து, எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குக் கம்பெனியொன்று குடிநீரைத் தூய்மை செய்யும் பொறியொன்றை வழங்கிற்று. பந்தலிட்டு, மாலையணிந்து, நிழற்படம் எடுத்துப் பெருவிழா நிகழ்ந்தது. கொடுத்தார் பெயர் பொறித்த பலகை சுவரிற் பதிக்கப்பட்டது. உப்புக் கரிக்கும் ஆழ்குழாய் நீரையே பருகிவந்த நாங்கள் அன்று பருகிய நீரின் சுவையை இன்னும் மறந்தேனல்லேன்.

ஓராண்டு கழிந்தது. பொறியின் வடிகட்டிகளை மாற்றவேண்டிய காலம் வந்தது. அதற்குரிய பணம் பள்ளியில் இல்லை. தலைமையாசிரியர் கம்பெனிக்கு இருமுறை எழுதினார். அவ்வாண்டிற்குரிய திட்டம் முடிவுற்றதென்றும், வேறு ஊர்கள் காத்திருக்கின்றன என்றும் பணிவான மறுமொழி வந்தது. அப்பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் அன்னையார் பழையபடி வீட்டிலிருந்து காய்ச்சிய நீரைக் குடத்திற் கொண்டுவரலாயினார். பொறி ஒரு மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டது. பலகை மட்டும் இன்றும் ஒளி குன்றாமல் விளங்குகின்றது.

இதில் யாரைக் குறை கூறுவது? கொடுத்தார் நல்லெண்ணத்துடனேயே கொடுத்தனர். கொண்டாரும் நன்றியுடனேயே கொண்டனர். அங்ஙனமிருந்தும் அறம் ஓராண்டில் இறந்துபட்டது. அதன் காரணம் யாதென்னும் ஐயமே என்னை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

கூடாது, கூடும், வேண்டும்

கம்பெனி என்பது பலருடைய முதலைக்கொண்டு இயங்குவது. அதனை நடத்தும் இயக்குநர்கள் பிறருடைய பொருளை வைத்து ஆள்பவரேயன்றித் தம் பொருளை ஆள்பவரல்லர். ஆகலின், பிறர் பொருளை எடுத்து அறஞ்செய்ய அவர்க்கு உரிமையுண்டோ என்னும் வழக்கு நெடுங்காலமாக நிகழ்ந்துவந்தது.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மேல்முறையீட்டு மன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அயர்லாந்தைச் சார்ந்த மேற்குக் கார்க் இரயில்வே கம்பெனி தன் தொழிலை முடித்துக்கொள்ளும் வேளையில், தன் அலுவலர்க்கும் இயக்குநர்க்கும் கடமைக்கு மேற்பட்டு ஒரு தொகை வழங்க முடிவு செய்தது. பங்குடையார் ஒருவர் தடுத்து வழக்காடினார். கம்பெனியின் நன்மைக்குப் பயன்படாத தாராளம் கம்பெனிப் பணத்தில் கூடாது என்பதே தீர்ப்பாயிற்று.

எழுபது ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நீர்க்குழாய்க்குரிய அடைப்பான்களைச் செய்யும் ஏ. பி. ஸ்மித் என்னும் கம்பெனி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு 1,500 டாலர் நன்கொடை அளித்தது. அதனையும் பங்குடையார் சிலர் எதிர்த்தனர். 1953-ஆம் ஆண்டில் அம்மாநில உச்சநீதிமன்றம் அக்கொடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கற்றறிந்த மாந்தரும் உரிமையுள்ள சமுதாயமும் இன்றித் தொழிலும் நிலைபெறாதாகலின், கல்விக்கு உதவுதல் கம்பெனியின் நன்மைக்கும் உரியதே என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து. தொகை சிறிது, ஆயினும் அதனால் திறந்த வழி பெரிது.

மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 2013-ஆம் ஆண்டில் நம் இந்திய நாட்டின் பாராளுமன்றம் புதிய கம்பெனிச் சட்டத்தை இயற்றிற்று. அதன் 135-ஆம் பிரிவு, குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பெனிகள் யாவும் தம் இலாபத்தில் ஒரு பகுதியைப் பொதுநலத்திற்குச் செலவிடுதல் கடமையென விதித்தது. கொடுத்தல் கூடாது என்றது 1883. கூடும் என்றது 1953. வேண்டும் என்றது 2013. நூற்றுமுப்பது ஆண்டுகளில் உலகின் எண்ணம் எத்துணை மாறிற்றென்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுச் சட்டம்

இனி அச்சட்டத்தின் இயல்பைச் சுருங்கக் காண்பாம். இது 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் மூன்றனுள் ஏதேனும் ஒன்றை எய்திய கம்பெனி இதற்கு உட்பட்டது. அது தன் முந்தைய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கேனும் ஆண்டுதோறும் செலவிடல் வேண்டும்.

எப்பணிக்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணை கூறுகின்றது. பசிப்பிணி நீக்கல், மருத்துவம், தூய்மை, கல்வி, தொழிற்பயிற்சி, மகளிர் முன்னேற்றம், ஆதரவற்றோரையும் முதியோரையும் பேணல், மண்ணும் நீரும் காற்றும் கெடாது காத்தல், கலைச்செல்வங்களையும் பொது நூல்நிலையங்களையும் ஓம்பல், சிற்றூர் மேம்பாடு, பேரிடர்க்கால உதவி முதலியன அவற்றுட் சில. கம்பெனி தானே செய்யலாம். அல்லது அறக்கட்டளை, சங்கம் முதலிய இலாபநோக்கற்ற அமைப்புக்களின் வாயிலாகவும் செய்யலாம். அவ்வமைப்புக்கள் 2021 ஏப்ரல் முதல் அரசினிடத்துத் தனியே பதிவுசெய்துகொள்ளல் வேண்டும் என்பது விதி.

எவை அறச்செலவு ஆகா என்பதையும் சட்டம் தெளிவாக்கியுள்ளது. தன் ஊழியர்க்கு மட்டும் பயன்படுவன ஆகா. அரசியற் கட்சிக்குக் கொடுப்பன ஆகா. தன் சரக்கிற்கு விளம்பரம் தேடிச் செய்யும் உபயம் ஆகாது. வேறு சட்டத்தால் தான் செய்தே தீரவேண்டிய கடமையும் ஆகாது. எனவே, ஆலைக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவை ஒரு கம்பெனி தன் அறக்கணக்கில் எழுதிக்கொள்ளல் இயலாது. தன் வீட்டுக் குப்பையைத் தான் அள்ளுதல் தருமமன்று என்னும் இக்கருத்து மிகவும் போற்றத்தக்கது.

தொடக்கத்தில், செலவிடாத கம்பெனி அதற்குரிய காரணத்தை ஆண்டறிக்கையிற் கூறினாற் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதனை இறுக்கிற்று. தொடர்பணிக்கென ஒதுக்கிச் செலவிடாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனியொரு வங்கிக் கணக்கிற் சேர்த்து, மூன்று நிதியாண்டுகளுக்குள் அப்பணிக்கே செலவிடல் வேண்டும். தொடர்பணியல்லாத மிச்சத்தை ஆறு மாதத்திற்குள் அட்டவணையிற் குறித்த பொதுநிதியிற் சேர்த்தல் வேண்டும். தவறின் தண்டமும் உண்டு.

இச்சட்டத்தால் விளைந்த பொருட்பெருக்கு சிறிதன்று. முதலாண்டாகிய 2014-15-இல் கம்பெனிகள் செலவிட்டது 10,000 கோடி ரூபாய்க்குச் சற்று மிகுதி. 2022-23-இல் அது ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயாக உயர்ந்தது. கல்வியும் மருத்துவமும் இதிற் பெரும்பங்கு பெற்றன. எனினும் ஒரு குறை உண்டு. தாம் தொழில் நடத்தும் இடத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கு முதன்மை தருக என்று சட்டம் கூறுதலின், ஆலைகள் மலிந்த மாநிலங்களுக்கே பெரும்பொருள் செல்கின்றது. மகாராட்டிரம் முதலிய தொழில்வளமிக்க மாநிலங்கள் மிகுதியும் பெறுகின்றன. தொழிலில்லா வறிய மாவட்டங்கள் எட்ட நின்று காண்கின்றன. மழை பெய்யும் இடத்திலேயே மேலும் பெய்தல் போல்வது இது.

ஈகையா, ஒப்புரவா?

நிற்க. சட்டம் அடித்துக் கேட்க ஒருவன் கொடுப்பது எங்ஙனம் ஈகையாகும் என்று வினவுவாருளர். இவ்வினாவிற்கு விடை திருக்குறளின் அதிகார வைப்பிலேயே உள்ளது என்பது என் கருத்து. வள்ளுவனார் ஈகையை 23-ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னர் 22-ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை என்பது வறியவன் ஒருவனது முகங்கண்டு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ, உலகத்தோடு கூடி வாழ்வான் ஒருவன் அவ்வுலகிற்குத் தான் செய்யக் கடவதனை உணர்ந்து செய்வது. முன்னது இரக்கத்தின் வழித்து. பின்னது கடப்பாட்டின் வழித்து. ஊரார் நீருண்ணும் குளத்தை அவர் ஒப்புரவாளனது செல்வத்திற்கு உவமையாக்கியதும் இக்கருத்துப் பற்றியே. நிரம்பிய குளத்தில் நீர் முகப்பவன் எவனும் இரவலன் ஆகான்.

எனவே, ஊரின் சாலையையும், நீரையும், பொதுமக்கள் வரிப்பணத்தால் கற்பிக்கப்பெற்ற தொழிலாளரின் அறிவையும் கொண்டு பொருளீட்டும் கம்பெனியின் கொடையை ஈகை என்பதினும் ஒப்புரவு என்பதே சாலும். கடமையெனக் கூறியதனால் அதன் மதிப்புக் குறையவில்லை. கொள்வார் தலைகுனிய வேண்டுவதில்லை என்னும் நன்மையே கூடிற்று.

ஆயின் ஒப்புரவு தன் வாயிலிலிருந்து தொடங்குதல் வேண்டும். அமெரிக்க எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னெகியின் வரலாறு இதற்குச் சான்று. 1892-ஆம் ஆண்டில் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த அவரது ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். ஆலையார் அமர்த்திய காவற்படைக்கும் அவர்க்கும் நேர்ந்த சண்டையில் இருசாராரிலும் பலர் உயிரிழந்தனர், தொழிற்சங்கம் முறிந்தது. ஆறாண்டு கழித்து, 1898-இல், அவ்விடத்தே கார்னெகி அழகியதொரு நூல்நிலையம் கட்டித் தந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நிற்பவனுக்கு நூல் விரிக்க ஓய்வேது என்று தொழிலாளர் வினவினர். கூலியிற் குறைத்துக் கொடையிற் கூட்டுதல் ஒப்புரவாகாது என்பதே அவ்வினாவின் பொருள்.

சாவா மூவாப் பேராடு

எங்கள் ஊர்ப் பொறி ஏன் நின்றது என்னும் வினாவிற்கு இனி வருவாம். சோழர்காலத்துக் கல்வெட்டுக்களைப் பயிலுங்கால், கோயிலில் நுந்தாவிளக்கெரிக்க 90 ஆடு, 96 ஆடு எனக் கொடுத்த செய்திகளைப் பலவிடத்தும் காண்கின்றோம். விளக்கிற்கு வேண்டுவது நெய், ஆயின் கொடுத்தார் நெய்க்குடத்தைக் கொடுத்திலர், ஆடுகளைக் கொடுத்தனர். இடையர் அவற்றைப் பெற்று, நாள்தோறும் குறித்த அளவு நெய் அளந்து வந்தனர். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுக்கள் கூறும். சாவாத ஆடு உலகில் உண்டோ? இறந்த ஆட்டிற்கு ஈடாகக் குட்டி நிற்க, எண்ணிக்கை குறையாது காக்கப்படுதலின் அப்பெயர் பெற்றது. விளக்கைக் கொடுத்தவன் அதனை எரிக்கும் வழியையும் உடன் கொடுத்தான். எங்கள் ஊரில் விளக்கைக் கொடுத்தனர், ஆட்டைக் கொடுத்திலர். வடிகட்டிக்குரிய பணமே அவ்வாடு என்க.

மேனாட்டிலும் அறிவுடையார் இதனை உணர்ந்திருந்தனர். மேற்கூறிய கார்னெகியின் பொருளால் 1883 முதல் 1929 வரை உலகின் பல பாகங்களிலும் 2,509 நூல்நிலையங்கள் எழுந்தன. அவரது குறைகளைக் கண்டோம். அவரது முறையின் நிறையையும் கூறுதல் நடுவுநிலைமையாம். கட்டடத்திற்குரிய பொருளை அவர் தருவார். இடத்தை ஊரார் தருதல் வேண்டும். அன்றியும் கொடைத்தொகையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஆண்டுதோறும் ஊர்வரியினின்று நூல்நிலையத்தின் நடைமுறைக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தல் வேண்டும். இவ்வுறுதி தர இயலாத ஊர்க்குக் கொடை இல்லை. அக்கட்டடங்களுட் பல இன்றும் நூல்நிலையங்களாகவே பயன்படுகின்றன.

சியர்ஸ் ரோபக் என்னும் வணிக நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜூலியஸ் ரோசன்வால்டின் முறை இன்னும் நுட்பமானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினச் சிறார்க்குப் போதிய பள்ளிகள் இல்லாதிருந்த அக்காலத்தில், புக்கர் டி. வாஷிங்டனின் அறிவுரைப்படி 1912-இல் ஆறு சிறு பள்ளிகளுக்கு உதவத் தொடங்கினார். 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. அவர் முழுச்செலவையும் தந்தாரல்லர்; ஊரார் தம் பங்கைத் திரட்டவும், அரசினர் பள்ளியை ஏற்று நடத்தவும் உடன்பட்ட இடத்திலேயே தந்தார். ரோசன்வால்டு நிதி அளித்தது ஏறத்தாழ 43 இலட்சம் டாலர். வறியவராகிய கறுப்பின மக்கள் காசாகவும், நிலமாகவும், மரமாகவும், உடலுழைப்பாகவும் அளித்தது 47 இலட்சம் டாலருக்கு மேல். எஞ்சியவற்றுட் பெரும்பகுதி அரசின் வரிப்பணம். வரியும் செலுத்தி, மீண்டும் தம் கையிருப்பையும் கொடுக்க நேர்ந்த அம்மக்களின் சுமை இரட்டைச் சுமையே என்பதை மறத்தலாகாது. எனினும் தாம் கட்டிய பள்ளி தம்முடையது என்னும் உரிமையுணர்ச்சி அவர்க்கு எய்திற்று. தம் பெயரால் நிதி என்றும் நிலைத்திருத்தலையும் ரோசன்வால்டு விரும்பவில்லை. தாம் இறந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் முழுதும் செலவிடுக என்று பணித்தார். 1932-இல் அவர் மறைந்தபின், 1948-இல் அந்நிதி முற்றும் செலவாகி முடிவுற்றது.

இது நம் சாவா மூவா முறைக்கு மாறன்றோ எனின், அன்று. சாகாதிருக்க வேண்டுவது பெட்டியிலுள்ள பணமன்று, தொடங்கிய பணியே. பணம் முடிந்த பின்னும் பள்ளி நடக்குமாயின் அக்கொடை மூவாக் கொடையே.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் நிறுவிய கல்விநிதி, மேற்படிப்பிற்கு வெளிநாடு செல்வார்க்குக் கடனாகவே உதவுகின்றது. கற்றுத் தேறியவன் திருப்பித் தரும் பொருள் பின்வரும் மாணவனுக்குப் பயன்படுகின்றது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் இந்நிதியின் துணையால் இலண்டன் சென்று பயின்றவர். ஆடு குட்டி ஈனுதல் என்பது இதுவேயன்றோ?

கொள்வார் கடன்

இதுகாறும் கொடுப்பாரைப்பற்றிக் கூறினாம். கொள்வார்க்கும் கடன் உண்டு. பள்ளியோ சங்கமோ உதவி வேண்டி விண்ணப்பம் எழுதுங்கால் மூன்றினைத் தெளிவாகக் கூறல் வேண்டும்.

முதலாவது, தேவை. கொடுப்பார் வைத்திருப்பதைக் கேளாமல், ஊர்க்கு வேண்டுவதைக் கேட்டல் வேண்டும். கழிப்பறைக்கு நீரின்றி இடருறும் பள்ளிக்குக் கணிப்பொறி வருதலைப் பலவிடத்தும் காண்கின்றோம்.

இரண்டாவது, பேணும் செலவு. பொறியின் விலை ஒரு வரியானால், ஐந்தாண்டு பேணும் செலவும், அதனைத் தருவார் யார் என்பதும் அடுத்த வரியாதல் வேண்டும். மரக்கன்று நடுவதாயின் கோடையில் நீர் வார்ப்பவன் கூலியையும் எழுதுக; குளம் தூர்வாருவதாயின் வரத்துக்காலைப் பிற்பட்ட ஆண்டுகளில் செப்பனிடும் முறையையும் எழுதுக. பண்டைக்காலத்துக் குடிமராமத்து இதற்கு வழிகாட்டும். பணி தொடங்கிய ஆண்டிற்குப் பின்னும் மூன்றாண்டு வரை நீளத்தக்க தொடர்பணியைச் சட்டமே ஏற்கின்றதாகலின், ஓராண்டில் முடியும் விழாவாக அதனைச் சுருக்கவேண்டுவதில்லை.

மூன்றாவது, கணக்கு. பெற்ற காசு ஒவ்வொன்றிற்கும் கணக்குக் காட்டுதல் ஒருபுறமிருக்க, நிறைவேறாததையும் மறைக்காது கூறல் வேண்டும். பெருந்தொகை வழங்கும் கம்பெனிகள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத பணிகள் முடிந்து ஓராண்டேனும் சென்றபின் அவற்றின் பயனை நடுநின்றார் ஒருவரைக்கொண்டு அளந்தறியவேண்டும் என்பது விதி. சிறு பணிகளுக்கு அவ்விதி இல்லை. அங்கே அளவுகோல் நம் மனச்சான்றே. எங்கள் ஊர்ப் பொறியை இரண்டாம் ஆண்டில் ஒருவர் வந்து கண்டிருப்பாராயின், சிறியதொரு செலவில் அது மீண்டும் இயங்கியிருக்கும்.

முடிவுரை

பெரும்பொருள் பொதுப்பணியை நாடி வரும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். நம்முட் சிலர் நாளை அப்பொருளை வழங்கும் கம்பெனிகளில் அமர்வோம். சிலர் அதனை வேண்டி நிற்கும் பள்ளிகளில் ஆசிரியராவோம். எவ்விடத்திருப்பினும், விளக்கை ஏற்றும் நாளை மட்டும் எண்ணாது, அஃது எரியவேண்டிய இரவுகளையும் எண்ணக் கற்போமாக.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அப்பள்ளியிற் பயின்று வெளியேறியோர் சிலர் கூடிப் பேசினோம். திங்கள்தோறும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்ப்பதென்றும், பழுதுபார்ப்பார் ஒருவரை அமர்த்துவதென்றும் முடிவாயிற்று. பொறியின்மீது கிடந்த துணியை என் அன்னையாரே எடுத்தார். புதிய வடிகட்டிகள் பொருத்தப்பட்டு இப்பொழுது நீர் வருகின்றது. கொடுத்தார் பெயர்ப்பலகையை நாங்கள் அகற்றவில்லை. எங்கள் பெயரை அதிற் சேர்க்கவும் இல்லை. அதன் கீழே, வடிகட்டியை அடுத்து மாற்றவேண்டிய நாளை மட்டும் சுண்ணக்கட்டியால் எழுதி வந்தோம்.